இரண்டாம் பக்கத்துத் திருத்தப் பெட்டி

இந்த அவைக்குத் தலைமை ஏற்று, என்னைப் போன்ற ஒருவனையும் ஒலிபெருக்கிக்கு முன்னால் நிறுத்தும் துணிச்சல் கொண்ட அச்சுத் தொழிலாளர் சங்கத் தலைவர் அவர்களே! எனக்கு முன்னால் முழங்கி, எனக்கென்று ஒரு சொல்லையும் மிச்சம் வைக்காமல் அமர்ந்திருக்கும் வழக்கறிஞர் அவர்களே! சிறை சென்றும் சிறுத்துப் போகாமல், சிரித்த முகத்தோடு திரும்பி வந்திருக்கும் எங்கள் பத்திரிகை ஆசிரியர் அம்மா அவர்களே! அவரைப் பெற்ற பேறு பெற்று, முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் தாயே! மற்றத் தாய்மார்களே, பெரியோர்களே, இருக்கை கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் தோழர்களே! கதவருகே சாதாரண உடையில் நின்று, நான் பேசுவதை எல்லாம் குறித்துக்கொண்டிருக்கும் காவல்துறை நண்பரே! உங்களுக்கும் என் வணக்கம். நான் மெதுவாகத்தான் பேசுவேன். எழுத உங்களுக்கு வசதியாக இருக்கும்.

என்னம்மா? கேட்கவில்லையா? மைக்கை இன்னும் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். மைக் பக்கத்தில்தான் இருக்கிறது. நான்தான் கொஞ்சம் பின்வாங்கி நிற்கிறேன். இதோ, வந்துவிட்டேன்.

பேச்சைத் தொடங்குமுன் ஒரு கடமை இருக்கிறது. இந்தக் கூட்டத்துக்காக ஊர் முழுவதும் துண்டறிக்கை கொடுத்திருக்கிறீர்கள். அதில் என் பெயருக்கு முன்னால் 'அஞ்சா நெஞ்சர்' என்று போட்டிருக்கிறீர்கள். ஆகவே சொல்கிறேன்: இக்கூட்டத்தின் துண்டறிக்கையில் இவர் அஞ்சாதவர் என்று சொல்லப்பட்டிருந்தது. இவர் நன்றாக அஞ்சியவர். தவறுக்கு வருந்துகிறோம்.

சிரிக்கிறீர்கள். ஆனால் இப்போது நான் செய்ததுதான் என் தொழில். நம் பத்திரிகையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நான் செய்துவந்த வேலை அதுதான். நீங்கள் படிக்கும் தலைப்புகள் நான் எழுதியவை அல்ல. தலையங்கம் நான் எழுதியதே இல்லை. இரண்டாம் பக்கத்தின் அடியில், வலது மூலையில், தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம் இருக்குமே, 'திருத்தம்' என்று மேலே போட்டு? அது என்னுடையது. அலுவலகத்தில் என்னை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. 'வருந்துகிறோம் வந்தாச்சா?', 'வருந்துகிறோம் சாப்பிடப் போயிருக்காரு' என்றுதான் பேச்சு.

இந்தப் பத்திரிகையைத் தொடங்கிய பெரியவர், அதாவது நம் ஆசிரியர் அம்மாவின் தகப்பனார், அந்தப் பெட்டிக்கு ஒரு விதி வைத்தார். தவறு என்று யார் வந்து சொன்னாலும் உட்காரவைத்துக் கேட்க வேண்டும். நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும். பிறகு மூன்றே வாக்கியம். நாம் என்ன சொன்னோம், எது சரி, வருந்துகிறோம். நான்காவது வாக்கியம் கூடாது. "நாலாவது வாக்கியத்துலதான்யா மனுஷன் சாக்குச் சொல்ல ஆரம்பிக்கிறான்" என்பார் பெரியவர்.

அவ்வளவுதான் என் வீரம். மூன்று வாக்கிய வீரம்.

அன்பானவர்களே! உரிமை எப்படிப் போகிறது? இடியோடு போகிறதா? இரும்புக் காலணி ஓசையோடு போகிறதா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எங்கள் அலுவலகத்தில் அது காலணியை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, கும்பிட்டபடி உள்ளே வந்தது.

அரசாங்கம் ஓர் உத்தரவு போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அமைதியைக் காக்க, செய்திகளை அச்சுக்கு முன்பே ஓர் அதிகாரி பார்வையிடுவார் என்று. வந்த அதிகாரி நல்ல மனிதர். உண்மையாகவே சொல்கிறேன், நல்ல மனிதர். "தொந்தரவுக்கு மன்னிக்கணும். உட்கார ஒரு நாற்காலி மட்டும் கிடைக்குமா?" என்றார். கொடுத்தோம். நாற்காலி கேட்டால் கொடுக்காமல் இருப்பது பண்பா? சில நாள் கழித்து, "மடியில வெச்சுப் படிக்கக் கழுத்து வலிக்குது" என்றார். மேஜை கொடுத்தோம். மேஜை வந்தபின் மின்விசிறி வேண்டியிருந்தது. மின்விசிறியைத் திருப்பினால் எங்கள் தாள்கள் பறந்தன. ஆகவே அவருக்குத் தனி அறை வேண்டியிருந்தது. இருந்த ஒரே தனி அறை ஆசிரியருடையது. ஒருநாள் காலையில் நான் போய்ப் பார்த்தால், நம் ஆசிரியர் அம்மா கூடத்தில், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தலையங்கம் எழுதிக்கொண்டிருக்கிறார். அதிகாரி அறைக்குள்ளிருந்து மணி அடித்து அவரைக் கூப்பிடுகிறார்!

யார் பறித்தது? பறித்தவர் யாரும் இல்லை. நாங்கள்தான் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொண்டுபோய் உள்ளே வைத்தோம். நாற்காலியின் ஒரு காலை நானே பிடித்தேன்.

முதலில் அவர் செய்தியை வெட்டினார். வெட்டிய இடத்தை வெள்ளையாக விட்டோம். வெள்ளையாக விடக்கூடாது என்று அடுத்த உத்தரவு வந்தது. வெட்டிய இடத்தில் வைக்க அவரே செய்தி கொண்டுவரத் தொடங்கினார். அந்தச் செய்திகளில் எல்லாம் ஒரு சொல் தவறாமல் வரும். 'தாமாகவே.' ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தைத் தாமாகவே கைவிட்டனர். மாணவர்கள் தாமாகவே கலைந்து சென்றனர். ஆற்றங்கரைக் குடியிருப்பு மக்கள் தம் வீடுகளைத் தாமாகவே காலி செய்தனர். ஆகா! அந்த நாட்களில் இந்த நாட்டில் எல்லாமே தானாக நடந்தது!

ஆற்றங்கரைச் செய்தி வந்த அன்றே முற்பகலில், எங்கள் முன்கூடத்துக்கு ஒரு தையல்காரப் பெண்மணி வந்தார். இதோ, இங்கேதான் இருக்கிறார், மூன்றாவது வரிசையில். கையைத் தூக்குங்கள் அம்மா! வெட்கப்படுகிறார். அன்றைக்கு இந்த வெட்கம் இல்லை. பத்திரிகையை என் மேஜைமேல் விரித்து வைத்துக் கேட்டார்.

"தானாவே காலி பண்ணோம்னு போட்டிருக்கீங்களே சார், யாரு சொன்னா?"

நான், "அரசாங்கச் செய்தி அம்மா" என்றேன்.

"அரசாங்கம் எங்க தெருவுலயா குடியிருக்கு? என் தையல் மிஷின் இன்னும் இடிச்ச சுவருக்கு அடியில கிடக்கு. தைச்சுக்கிட்டிருந்த துணி ஊசியிலேயே மாட்டியிருக்கு. தானா வீட்டை விட்டுப் போறவ, பாதித் தையல்ல துணியை விட்டுட்டா போவா? நீங்க படிச்சவரு, நீங்களே சொல்லுங்க."

தவறு என்று ஒருவர் வந்து சொன்னால் என்ன செய்ய வேண்டுமோ, அதைச் செய்தேன். உட்காரவைத்துக் கேட்டேன். குடையை எடுத்துக்கொண்டு அவரோடு ஆற்றங்கரைக்குப் போனேன். இடிந்த சுவரைப் பார்த்தேன். மிஷினைப் பார்த்தேன். ஊசியில் மாட்டியிருந்த நீலத் துணியைப் பார்த்தேன். அக்கம்பக்கத்தில் விசாரித்தேன். திரும்பி வந்து மூன்று வாக்கியம் எழுதினேன். 'ஆற்றங்கரை மக்கள் தம் வீடுகளைத் தாமாகவே காலி செய்ததாக நேற்று முதல் பக்கத்தில் சொல்லியிருந்தோம். அவர்களைக் காவலர்கள் வெளியேற்றினர், அவர்கள் உள்ளே இருந்தபோதே சுவர்கள் இடிக்கப்பட்டன. தவறுக்கு வருந்துகிறோம்.'

இது புரட்சி என்று எனக்குத் தோன்றவே இல்லை! சத்தியமாகத் தோன்றவில்லை. தவறு இருந்தது, திருத்தினேன். பல் துலக்குவதுபோல் பழகிப்போன வேலை.

அதிகாரி பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். நானே எடுத்துக்கொண்டு போய் அவரிடம் நீட்டினேன்! "இது என்னது?" என்றார். "திருத்தம் ஐயா. இன்றைய இதழில் வந்த தவறு" என்றேன். அவர் தம் உத்தரவுத் தாளை எடுத்து விரலால் தேடினார். செய்தி, கட்டுரை, தலையங்கம், படம், கேலிச்சித்திரம், விளம்பரம், கவிதை. குறுக்கெழுத்துப் புதிரைக்கூட விட்டுவைக்கவில்லை. திருத்தம் மட்டும் அதில் இல்லை. "உங்க தப்பை நீங்க திருத்திக்கிறீங்க. நல்ல பழக்கம்தானே? இதையெல்லாம் எனக்கு எதுக்குக் காட்டிக்கிட்டு? செய்தியை மட்டும் கொண்டாங்க" என்று, படிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஏன் தெரியுமா? நான் பல நாள் யோசித்தேன். இவ்வளவு பெரிய அரசாங்கம், இவ்வளவு பெரிய செயலகம், இத்தனை படித்த மூளைகள் சேர்ந்து எழுதிய உத்தரவில் 'திருத்தம்' மட்டும் ஏன் விட்டுப்போனது? அவர்கள் வாழ்நாளில் ஒருமுறைகூட அதைப் போட்டதில்லை, பெரியோர்களே! தாங்கள் தவறிவிட்டோம் என்று ஒருநாளும் சொல்லாதவர்களுக்கு, அப்படிச் சொல்வதற்கென்று ஒரு பத்திரிகையில் ஒரு பெட்டி இருக்கும் என்பது எப்படித் தோன்றும்?

கைதட்டல் போதும். எனக்குப் படபடப்பாக இருக்கிறது.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். தையல்கார அம்மாவைத் தொடர்ந்து ஆலையிலிருந்து ஒருவர் வந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓர் ஆசிரியை வந்தார். மருத்துவமனைப் பணியாளர் வந்தார். எல்லாரையும் உட்காரவைத்துக் கேட்டேன். எல்லா இடத்துக்கும் குடையோடு நடந்தேன். தீப்பெட்டியாக இருந்த பெட்டி செங்கல் ஆனது. செங்கல் சுவர் ஆனது. முதல் பக்கத்தில் இன்றைய பொய், இரண்டாம் பக்கத்தில் நேற்றைய உண்மை. ஒருநாள் தாமதம்தான். ஆனாலும் உண்மை. பேருந்தில் பார்த்தேன், பத்திரிகையை வாங்கிய கையோடு எல்லாரும் முதல் பக்கத்தைத் தள்ளிவிட்டு இரண்டாம் பக்கத்தை விரிக்கிறார்கள். பக்கத்தில் இருந்தவர் என்னிடமே சொன்னார், "இந்த ஊர்ல வருத்தப்படுற ஒரே ஆளு இந்தப் பத்திரிகைக்காரன்தான் சார்." நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். பயம்.

பயந்தது சரியாகத்தான் போயிற்று. ஒரு பிற்பகல், காவலர்கள் வந்தார்கள். "இந்தப் பெட்டியை எழுதுறது யாரு?" என்று கேட்டார்கள். நான் எழுந்தேன். எழுந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்திலிருந்து ஆசிரியர் அம்மா சொன்னார்: "நான்தான்." என்னைத் தாண்டிப் போகும்போது, உதடு அசையாமல், "மாமா, உட்காருங்க. மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். சிறு வயதில் என் மேஜைக்கு அடியில் விளையாடிய பிள்ளை அவர்!

எதற்காகக் கைது என்று சொல்லவில்லை. எங்கே வைத்திருக்கிறோம் என்று சொல்லவில்லை. தாய்க்கும் சொல்லவில்லை, வழக்கறிஞருக்கும் சொல்லவில்லை. பிடித்தால் காரணம் சொல்ல வேண்டும், நீதிபதி முன் நிறுத்த வேண்டும், வழக்கறிஞரைப் பார்க்க விட வேண்டும் என்று நம் அரசமைப்புச் சட்டம் சொல்கிறது. தெளிவான மொழியில் சொல்கிறது. அந்தச் சட்டம் நமக்கு எதையும் தானமாகத் தரவில்லை, தாய்மார்களே! மூச்சு விடவும் பேசவும் நாம் பிறக்கும்போதே கொண்டுவந்த உரிமையை, பிற்காலத்தில் யாரும் மறந்துபோகக் கூடாதே என்று எழுதிவைத்தது. மறக்கக் கூடாது என்று எழுதியதை, மறைத்து வைத்தார்கள்.

மறுநாள் அலுவலகத்தைப் பூட்டி அரக்கு முத்திரை வைத்தார்கள். அதற்குமுன் ஒரு கடைசி இதழை அவர்களே போட்டார்கள். அதில் இருந்த வாசகத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் வீட்டில் இருந்தேன். சாப்பிட்டேன், தூங்கினேன் என்று சொன்னால் அதற்கும் ஒரு திருத்தம் போட வேண்டிவரும். நம் வழக்கறிஞர் தொடுத்த வழக்கில், அரசாங்கத் தரப்பு நீதிமன்றத்தில் பதில் மனு தாக்கல் செய்திருந்தது. 'மேற்படி வாசகங்களை எழுதியவர் ஆசிரியரே' என்று அதில் இருந்ததாகப் பத்திரிகைகள் போட்டிருந்தன. அதை உரக்கப் படித்தேன். என் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அது தப்புதானே?" என்றாள்.

"தப்புதான்" என்றேன்.

"எழுதினது நீங்க. அவ எழுதினதா சொல்றாங்க. ஊருல உள்ளவங்க தப்பையெல்லாம் குடையைத் தூக்கிட்டுப் போய்த் திருத்தினீங்களே, இதுக்கு மட்டும் திருத்தம் கிடையாதா?"

"என்னையும் பிடிச்சிடுவாங்களே."

"பிடிக்கட்டும். அந்தப் பொண்ணு உள்ளே இருக்க, நீங்க இங்க உட்கார்ந்து ஜன்னல் கம்பியை எண்ணிக்கிட்டிருக்கிறதை என்னால பார்க்க முடியல. ஒரு தப்பைத் தெரிஞ்சே விட்டுட்டா நீங்க மனுஷனாவே இருக்க மாட்டீங்க. நாப்பது வருஷமா பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா?"

அவளே ஒரு பை தயார் செய்தாள். போர்வை, இரத்த அழுத்த மாத்திரை, மாற்று உடை, இரண்டு மூக்குக்கண்ணாடி. "எதுக்கு ரெண்டு?" என்றேன். "ஒண்ணை உடைச்சாங்கன்னா?" என்றாள். அன்பானவர்களே, எனக்கு அதுவரை அந்தக் கோணத்தில் பயம் இருக்கவில்லை!

அந்தப் பையோடு நீதிமன்றத்துக்குப் போனேன். இங்கே உட்கார்ந்திருக்கும் நம் வழக்கறிஞர்தான் என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார். ஆசிரியர் அம்மா எதிரே நின்றார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் வேண்டாம் என்று தலையசைத்தார். நான் பார்க்காததுபோல் கண்ணாடியைத் துடைத்தேன்.

எப்படிப் பேசுவது என்று தெரியாமல், தெரிந்த வழியில் பேசினேன். "இந்த வாசகங்களை ஆசிரியர் எழுதியதாக இந்த நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. எழுதியது நான். தவறுக்கு வருந்துகிறோம்."

நீதிமன்றம் சிரித்துவிட்டது. நீதிபதி நிமிர்ந்து, "வருந்துகிறோம்னா? உங்களோட இன்னும் யார் யார் வருந்துறாங்க?" என்றார். "பழக்கதோஷம் ஐயா" என்றேன்.

அரசு வழக்கறிஞர் எழுந்தார். யார் தூண்டியது, எந்தக் கட்சி, எந்த வெளிநாடு என்று கேள்விமேல் கேள்வி. "ஒரு தையல்காரம்மா ஐயா" என்றேன். "இது உத்தரவுக்கு விரோதம்னு தெரியாதா?" என்றார். "அதிகாரியிடம் காட்டினேன் ஐயா, வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார்" என்றேன். அதிகாரி பின்வரிசையில் இருந்தார். தலையைக் குனிந்துகொண்டார்; ஆனால் மறுக்கவில்லை. அதற்காக அவருக்கு இந்த மேடையிலிருந்து ஒரு வணக்கம்.

அப்போது நீதிபதி ஒரே ஒரு கேள்வி கேட்டார். என்னை அல்ல, அரசு வழக்கறிஞரை. "இந்தப் பெட்டியில வந்ததுல எது பொய்?"

அரசு வழக்கறிஞர் தாள்களைப் புரட்டினார். புரட்டினார், புரட்டிக்கொண்டே இருந்தார். "பொய் என்பது எங்கள் வாதம் அல்ல. அனுமதி இல்லாமல் வெளியிட்டார்கள் என்பதுதான்" என்றார்.

"அப்படின்னா, பொய்யை உத்தரவு போட்டு அச்சடிக்க வைக்கலாம், உண்மைக்கு அனுமதி வாங்கணும். அதைத்தானே நான் தீர்ப்புல எழுதணும்னு சொல்றீங்க?"

அவையோரே! அந்தக் கேள்வியை அடுத்துத் தீர்ப்புதான் வந்தது. உத்தரவு அரசமைப்புக்கு முரண், செல்லாது! கைது முறையற்றது, ஆசிரியரை விடுவிக்க வேண்டும்! முத்திரையை அகற்ற வேண்டும்! படித்துக்கொண்டே போனார் நீதிபதி. எனக்கு முதல் 'செல்லாது' மட்டும்தான் கேட்டது. பிறகு காதுக்குள் ஒரே இரைச்சல். என் முழங்கால்கள் தாமாகவே மடங்கின. இந்தக் கதையில் உண்மையிலேயே தாமாக நடந்தது அது ஒன்றுதான்.

இன்று காலை முத்திரையை உடைத்தார்கள். உள்ளே ஒரே தூசி. அந்த நாற்காலியை நானும் காவலாளியும் தூக்கிக் கூடத்தில் போட்டோம். இந்த முறை நான் இரண்டு காலைப் பிடித்தேன். ஆசிரியர் அம்மா தம் அறைக்குள் போய், கதவைச் சாத்தவில்லை, திறந்தே வைத்துவிட்டு உட்கார்ந்தார். அந்தக் காட்சியைப் பார்த்தபோது இத்தனை மாதமாக நெஞ்சில் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டேன், பெரியோர்களே. எவ்வளவு பெரிய மூச்சு! எவ்வளவு எளிய காட்சி! ஒருவர் தம் இடத்தில் உட்கார்ந்து தம் வேலையைச் செய்வது!

என் மனைவி அதோ, அந்த ஓரத்தில் இருக்கிறாள். மடியில் இருப்பது அதே பைதான். நீதிமன்றத்திலிருந்து பிரிக்காமலே திரும்பி வந்த பை. கிளம்பும்போது, "இன்னைக்கு எதுக்குப் பை?" என்று கேட்டேன். "மேடையில பேசப் போறீங்கல்ல?" என்றாள். இல்லத்தரசியாரே, இந்த அவை அறியச் சொல்கிறேன்: வீட்டுக்குப் போனதும் அந்தப் போர்வையை எடுத்துக் கட்டிலில் விரித்துவிடு. மாத்திரையை அதன் இடத்தில் வை. ஆனால் பையைத் தூக்கிப் போட்டுவிடாதே. அலமாரி மேலே, கைக்கு எட்டும் இடத்தில் வை. நாளை இன்னொருவர் வந்து, இன்னொரு கும்பிடு போட்டு, இன்னொரு நாற்காலி கேட்பார். அப்போது நாம் எல்லாரும், அஞ்சியவர்களும் சேர்ந்து, நிற்க வேண்டியிருக்கும். அஞ்சுவது குற்றமல்ல, அன்பர்களே. அஞ்சிக்கொண்டே போய் உண்மையைச் சொல்லிவிட்டு வரலாம். கை நடுங்கும். நடுங்கட்டும். எழுத்து தெளிவாக இருந்தால் போதும்.

என் பேச்சு முடியும் இடத்துக்கு வந்துவிட்டது. நாளைக் காலை நம் பத்திரிகை வருகிறது. இரண்டாம் பக்கம், வலது மூலை, பழைய தீப்பெட்டி அளவு. என் சட்டைப் பையிலிருந்து எடுக்கிறேன், பொறுங்கள். கண்ணாடி. இதோ. உங்களுக்கு ஒருநாள் முன்னதாகவே படித்துக் காட்ட ஆசிரியர் அம்மா அனுமதி தந்திருக்கிறார்.

'இப்பத்திரிகையினர் தாமாகவே வெளியீட்டை நிறுத்திக்கொள்கின்றனர் என்றும், இதுவே கடைசி இதழ் என்றும் முந்தைய இதழில் சொல்லியிருந்தோம். நிறுத்தியது நாங்கள் அல்ல, அது கடைசி இதழும் அல்ல. தவறுக்கு...'

ஆமாம், ஆமாம், நீங்கள் சேர்ந்து சொல்வது கேட்கிறது. நானும் 'வருந்துகிறோம்' என்றுதான் எழுதினேன். அதுதான் விதி. ஆசிரியர் அம்மா பேனாவை வாங்கி அந்த ஒரு சொல்லை அடித்துவிட்டார். "அம்மா, பெரியவரோட விதி" என்றேன். "இந்த ஒரு தடவை மாமா. அப்பா கோவிச்சுக்க மாட்டாரு" என்றார். ஆகவே, இருபது ஆண்டுகளில் முதல்முறையாக, அந்தப் பெட்டியின் கடைசிச் சொல் இப்படி வருகிறது:

'மகிழ்கிறோம்.'

பொறுமையாகக் கேட்ட உங்கள் காதுகளுக்கும், நான் பின்வாங்கும்போதெல்லாம் மைக்கை முன்னால் நகர்த்திய தலைவருக்கும், கதவருகே எழுதி எழுதிக் கை வலித்திருக்கும் நண்பருக்கும் என் நன்றி. தவறாக எதையாவது சொல்லியிருந்தால் அலுவலகத்துக்கு வாருங்கள். உட்காரவைத்துக் கேட்பேன். வணக்கம்.